நாய் எங்கே சொறிகிறது? தெள்ளு, உண்ணி, சொறி பற்றி எங்கள் வீட்டு அனுபவங்கள்

திருநெல்வேலி, நாட்டு நாய்

எங்கள் செவலைக்கு நான்கு வயது. ஐப்பசி மழை பிடித்தால் அவளுக்குத் தெள்ளுப்பூச்சித் தொல்லையும் பிடித்துவிடும். போன வருஷம் அது எல்லை மீறிவிட்டது. வாலடியையும் பின்தொடையையும் கடித்துக் கடித்து, கையகலத்துக்கு முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்துப்போனது. சாப்பாட்டில் நாட்டமில்லை, ராத்திரியில் தூக்கமில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சொறி பிடித்துவிட்டது என்றார்கள். சொறி வேறு, இது வேறு என்பது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெளிவானது.

டாக்டர் முதலில் கேட்டதே "எங்கே சொறியுது?" என்றுதான். வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் தெள்ளு மேல் சந்தேகம். காது ஓரம், முழங்கை என்றால் வேறு. பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் இன்னொன்று. பிறகு பேன் சீப்பால் வாலடியில் வாரி, விழுந்த கரும்பொடியை நனைத்த பஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறியது. வெறும் மண் அப்படி ஊறாது. அது தெள்ளு போட்ட கழிவு, செரித்த ரத்தம். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாத நாயிலும் இந்தப் பொடி காட்டிக்கொடுத்துவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், வெள்ளைத் தாளும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

செவலைக்கு இருந்தது தெள்ளுக்கடி ஒவ்வாமை. பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே நாட்கணக்கில் அரிக்கும். அதனால்தான் ஒரே வீட்டில் ஒரு நாய் உடம்பெல்லாம் தெள்ளோடு நிம்மதியாகத் தூங்கும், இன்னொன்று நாலைந்து பூச்சிக்கே துடிக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நாயைவிட வீடு. நாய்மேல் நாம் காணும் வளர்ந்த பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூடாக நாய் படுக்கும் இடத்தில் கிடக்கிறது. ஒரு பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைவரை இடும். முட்டை முடியில் ஒட்டி நிற்காது, நாய் உடம்பை உதறினால் உதிர்ந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு ஒதுங்கிப் பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் போய், நாய்மேலிருந்து கொட்டும் அதே ரத்தப்பொடியைத் தின்று வளர்கிறது. பிறகு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மருந்து அவ்வளவாக இறங்காது. ஆள் நடமாடும் அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வரும், படாவிட்டால் மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலெல்லாம் கடிப்பது இதனால்தான்.

நம் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். ஆகவே நாய்க்கு மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதுப் பூச்சி தென்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று மறுநாளே இன்னொன்றை மேலே ஊற்றிவிடாதீர்கள், விஷம் இரட்டிப்பாகிவிடும்.

செவலை படுத்த சாக்குகளை எரித்துவிட்டுத் துவைக்கக்கூடிய பழைய போர்வைக்கு மாற்றினோம். வாரம் தவறாமல் அதைக் கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினோம். திண்ணைக்கடி, மாடிப்படிக்கடி, சோபா இடுக்கு எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் இழுத்து, குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போட்டோம். கொல்லையில் விறகுக் குவியலை இடம் மாற்றி, அதன் கீழே இருந்த ஈரமண்ணில் வெயில் படும்படி செய்தோம். நாய்க்கு மாதம் ஒரு முறை மருந்து, விடாமல் மூன்று மாதம். அதற்குப் பிறகுதான் வாலடியில் முடி முளைத்தது.

ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி அளவில் வெள்ளையாக ஏதாவது நெளிகிறதா என்றும் பாருங்கள். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போது உள்ளே போவது. பிராசிகுவாண்டல் உள்ள மாத்திரை கொடுத்தால் போகும். ஆனால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரும்.

ஈரோடு, நாயும் பூனையும்

அண்ணா, வீட்டைப் பத்தி நீங்க எழுதினது அத்தனையும் சரிங்க. கூட ஒண்ணு சேர்த்துக்கறேன். நாய்க்குக் கழுத்துல ஊத்துற மருந்து சிலதுல பெர்மெத்ரின் இருக்குதுங்க. நாய்க்கு ஒண்ணும் பண்ணாது, பூனைக்கு அது விஷம். பூனை உடம்பால அதை முறிக்க முடியாது. எங்க சித்தி வீட்டுல நாய்க்கு ஊத்துன அன்னைக்கு ராத்திரி பூனை அது மேலேயே படுத்துத் தூங்கிருச்சு. விடியறப்ப பூனைக்கு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடுனதால பொழைச்சுது. அட்டையில என்ன மருந்துன்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க. முயல் வளர்க்கறவங்க ஃபிப்ரோனில்ங்கற தெள்ளு மருந்து பக்கமே போக வேண்டாங்க, முயலுக்கு அது ஆகாது.

விருதுநகர், ராஜபாளையம்

அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் ராஜபாளையம் நாய்கள் உண்டு. வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு, மெல்லிய தோல். எங்கள் நாய்களுக்குத் தோலில்தான் எப்போதும் ஏதாவது வரும். ஐந்து மாதக் குட்டி ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வட்டமாக முடி உதிர்ந்தது. பிறகு உதட்டோரம், அப்புறம் முன்னங்கால். ஆனால் அது சொறியவே இல்லை. அரிப்பில்லாமல் திட்டுத் திட்டாக முடி கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியாக இருக்கலாம்.

டாக்டர் தோலை மடித்து அழுத்தி, லேசாக ரத்தம் கசியும்வரை மழுங்கிய பிளேடால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் எங்களுக்கும் காட்டினார். நீளமான உடம்பு, முன்பக்கம் மட்டும் குட்டைக் குட்டைக் கால்கள். முடி முளைக்கும் குழிக்குள் வாழ்கிறது. நாய்கள் பெரும்பாலானவற்றிடம் கொஞ்சம் இருக்குமாம். பிறந்த முதல் சில நாளில் தாயிடம் பால் குடிக்கும்போது ஒட்டிக்கொள்வது. எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டியிடம் பெருகிவிடுகிறது. மனிதருக்குத் தொற்றாது. அதனால் குட்டியை ஒதுக்கிக் கட்டிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் பக்கம் இதற்கு வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். மண்ணெண்ணெய், பினாயில் இரண்டும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொல்வார்கள். அதை நாய் நக்கினால் வலிப்பு வரலாம்.

முன்பெல்லாம் அமிட்ராஸ் கரைசலில்தான் குளிப்பாட்டுவார்கள். இப்போது மெல்லும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. ஃப்ளூராலனர் உள்ளது சுமார் 12 வாரம் நிற்கும், அஃபாக்சோலனர் ஒரு மாதம். தெள்ளு, உண்ணி, இந்தச் சிற்றுண்ணி மூன்றுக்கும் கேட்கிறது. ஒரு விஷயம், வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது. அதேபோல மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கையளவு பார்த்து நாய்க்குப் போடுவதும் வேண்டாம். கோலி வம்சத்து நாய்கள் பலவற்றில் உள்ள மரபணுக் கோளாறால் மருந்து மூளைக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

எங்கள் குட்டிக்கு முடி வந்த உடனே மருந்தை நிறுத்தவில்லை. மாதாமாதம் சுரண்டிப் பார்த்து, தொடர்ந்து இரண்டு முறை பூச்சி இல்லை என்று வந்த பிறகே டாக்டர் நிறுத்தினார். நல்ல உயரம், நல்ல நடை. ஜோடி சேர்க்கக் கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கொடுக்கவில்லை, கருத்தடை செய்துவிட்டோம். உடம்பு முழுக்க டெமோடெக்ஸ் பரவிய நாயின் வம்சத்திலும் இது வர வாய்ப்பு அதிகம். நம் நாட்டு இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மதுரை, டாபர்மேன்

உண்ணி பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டில் அது சுவரில் ஏறிப் போவதைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. ரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்த பிறகுதான் குறைந்தது. விரலால் நசுக்காதீர்கள். தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் இதில் எது வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை எடுங்கள். எங்கள் நாய்க்கு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற ரத்த நோய் என்று வந்து, நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்துக் காப்பாற்றினோம்.

கோயம்புத்தூர், தெருவிலிருந்து வந்த குட்டி

விருதுநகர் அண்ணன் எழுதியது அரிப்பில்லாத சிற்றுண்ணி. எங்களுக்கு வாய்த்தது அதற்கு நேர் எதிர். மழையில் நனைந்து நின்ற குட்டியைத் தூக்கி வந்தோம். காது ஓரம், முழங்கை, வயிறு எங்கும் பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, சொறிந்துகொண்டே ஊளையிடும். டாக்டர் காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்தது. சார்கோப்டிக் சொறிக்கு இது நல்ல அடையாளம் என்றார். சுரண்டிப் பார்த்ததில் பூச்சி கிடைக்கவில்லை. இந்த வகையில் பல நேரம் கிடைக்காதாம், இருந்தாலும் மருந்தைத் தொடங்கிவிட்டார்.

அதற்குள் எனக்கும் மகளுக்கும் முன்கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பயப்பட வேண்டாம், நாயின் சிற்றுண்ணி நம் தோலில் நிலைத்துப் பெருகாது, நாய் குணமானால் தன்னால் போய்விடும் என்றார் தோல் டாக்டர். அப்படியே ஆனது. ஆனால் நாய்க்கு நாய் இது வேகமாகத் தொற்றும். குட்டியின் தாயும் இன்னும் சில நாய்களும் எங்கள் தெருவிலேயே இருந்தன. டாக்டரிடம் எடையை மதிப்பிட்டுக் கேட்டு, மாத்திரையை வேகவைத்த ஈரலுக்குள் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுத்தோம். இப்போது அந்தத் தாய்க்கு முடி அடர்த்தியாக வளர்ந்து, அடையாளமே தெரியவில்லை. தெருவில் சொறியோடு அலையும் நாயைக் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். ஒரு மாத்திரையில் மாறக்கூடிய வேதனை அது.

சென்னை, லாப்ரடார்

மாதாமாதம் மருந்து கொடுப்பதால் எங்கள் வீட்டில் தெள்ளும் இல்லை, உண்ணியும் இல்லை. ஆனாலும் வருஷம் முழுக்க அரிப்பு. பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கு முடி செம்பழுப்பாகிவிட்டது. காதில் புளித்த வாடை. ஊசி போட்டால் பத்து நாள் அடங்கும், திரும்பவும் ஆரம்பிக்கும். அந்த ஊசியில் ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. காரணம் என்னவென்று கேட்காமல் ஊசிக்கு மேல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒட்டும் டேப்பைப் பாதத்தில் அழுத்தி எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். மலசேசியா என்ற ஈஸ்ட். ஈரத்தில் பெருகும். குளோர்ஹெக்சிடினும் மைகோனசோலும் சேர்ந்த ஷாம்பு எழுதித் தந்தார்கள். நுரை தோலில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும், உடனே அலசினால் பயனில்லை. அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்போம். அலசியதும் விரலிடுக்குவரை துடைத்துக் காயவைக்க வேண்டும். நாம் குளிக்கும் சோப்பை நாய்க்குப் போடாதீர்கள். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு.

ஈஸ்ட்டுக்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது. எட்டு வாரம் கோழி, பால், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தி, அதுவரை அவன் சாப்பிட்டே இராத மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும் கொடுத்தோம். அம்மாவுக்குத்தான் மிகவும் கஷ்டம், இட்லித் துண்டு கேட்டு வந்து நிற்பவனுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் உறுதியாக இருந்தார். அரிப்பு பாதிக்கு மேல் இறங்கியது. பிறகு டாக்டர் சொன்னபடி கோழியை மட்டும் சேர்த்துப் பார்த்தோம், சில நாளிலேயே திரும்பவும் பாதத்தை நக்க ஆரம்பித்தான். அன்றோடு கோழி நின்றது.

காரைக்குடி

எங்கள் நாய் போட்ட குட்டிகளுக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. வயிற்றுப் பக்கம் தெள்ளு ஓடுகிறது. கழுத்துப் பட்டை கட்டலாமா, பவுடர் போடலாமா? இங்கே கால்நடை மருத்துவமனை நாளைக்குத்தான் திறப்பார்கள்.

திருநெல்வேலி, மறுபடியும்

தம்பி, பட்டையும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். பெரிய நாய்க்கான மருந்து பலவும் இந்த வயதுக்கு ஆகாது. முதலில் ஒவ்வொரு குட்டிக்கும் உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நாளைவரை தாங்கும். வெளுத்திருந்தால், குட்டி துவண்டு கிடந்தால், தெள்ளு ரத்தத்தை அவ்வளவு குடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் நாளைவரை காத்திருக்காமல் இன்றைக்கே பக்கத்து ஊரில் தனியார் டாக்டர் யாரிடமாவது கொண்டுபோங்கள்.

மற்றக் குட்டிகளை வெதுவெதுப்பான தண்ணீரில், குழந்தைகளுக்கான ஷாம்பு கொஞ்சம் போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்டுங்கள், இல்லாவிட்டால் பூச்சியெல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஓடும். பேன் சீப்பால் வாரி, மாட்டும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் உதறுங்கள், வெறும் தண்ணீரில் அது சீக்கிரம் சாகாது. துடைத்துக் கதகதப்பாக வையுங்கள், குட்டிக்குக் குளிர் தாங்காது. தாய்க்கு என்ன மருந்து போடலாம் என்று நாளைக்கு டாக்டரிடம் கேட்கும்போது, பால் கொடுக்கிறாள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். படுக்கைத் துணியை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.