எச்ஐவியோடு வளர்ந்த பிள்ளைகளிடம் பேச, மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பிறவியிலேயே எச்ஐவி தொற்று உள்ள சில பிள்ளைகளோடு பழகி வருகிறேன், இப்போது கல்லூரி, வேலை என்று போகிற வயது. ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது, மனசுவிட்டுப் பேசத்தான் ஆள் இல்லை. விடுதியில் இருக்கும் ஒரு பெண், மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் வந்துவிடக்கூடாதென்று உள்ளே பஞ்சை அடைத்து, லேபிளையும் கிழித்து வைத்திருக்கிறாள். "விரும்புகிறவனிடம் எப்போது சொல்வது?" என்று அவள் கேட்டால், அதைக் கடந்து வந்த ஒருவர் பதில் சொல்வதுதான் சரி.

ஜிம்பாப்வேயில் ஸ்வாந்திரி திட்டத்தில் 2004 முதல் இந்த வேலை நடக்கிறது. தொற்றோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, சக வயதினரை வீட்டில் போய்ப் பார்த்துப் பேச வைக்கிறார்கள்.

அப்படித் தொடங்க, தொற்றோடு வாழும் 20 வயது தாண்டிய ஓரிருவர் வேண்டும். அப்புறம் அவர்களைப் பயிற்றுவிக்கவும், தற்கொலை எண்ணம் மாதிரிக் கைமீறுகிற விஷயத்தை உடனே ஒப்படைக்கவும் ஒரு மனநல ஆலோசகர் கட்டாயம் வேண்டும். ஞாயிறு மதியம் உட்கார்ந்து பேச, எச்ஐவி என்று பலகை தொங்காத ஓர் இடம் கிடைத்தால் பெரிய உதவி.

தயவுசெய்து தனிச்செய்தியில் மட்டும் எழுதுங்கள். ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017 எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டமே தடுக்கிறது, யார் பெயரையும் இங்கே போட வேண்டாம்.