மாத்திரை போட்டும் ஆறு நாள் தள்ளிப்போயிருக்கிறது, பயமாக இருக்கிறது

கேள்வி

பொள்ளாச்சி பக்கம் கிராமம். வயது 28, பையனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. இந்த மாதம் 2ஆம் தேதி இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இங்கே மூன்று மருந்துக் கடையில் கேட்டும் அவசர கருத்தடை மாத்திரை இல்லை என்றார்கள். கணவர் பைக்கில் பாலக்காடு போய் வாங்கி வந்தார். 4ஆம் தேதி காலையில் போட்டேன்.

11ஆம் தேதி காப்பித்தூள் நிறத்தில் கறை பட்டது. மூன்று நாளும் சேர்த்து ஒரு நாப்கின்கூட நனையவில்லை. பீரியட்ஸ்தான் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு 30 நாள் கணக்கு, 19ஆம் தேதி வந்திருக்க வேண்டும். இன்று 25.

14ஆம் தேதி டெஸ்ட் செய்ததில் ஒரே கோடு. அந்தக் கார்டைத் தூக்கிப் போட மனம் வராமல் அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். மறுநாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டாவது கோடு வரும் இடத்தில் சாம்பலாக ஒரு நிழல். அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதம் முழுக்க மாத்திரை காப்பாற்றும் என்று நம்பி 9ஆம் தேதி எதுவும் உபயோகிக்கவில்லை. பையன் சிசேரியன். உடனே இன்னொன்று என்றால் என் உடம்பு தாங்காது.

பதில் 1

தங்கச்சி, எனக்கும் இதே மாத்திரைக்கு அப்புறம் ஒன்பது நாள் தள்ளித்தான் வந்தது, கர்ப்பம் இல்லை. பப்பாளி, எள்ளு என்று யாராவது சொன்னால் கேட்காதே. எனக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம். கார்டு வாங்கிப் பார்த்துவிடு.

பதில் 2

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். முதலில் அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள். அட்டையில் போட்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் தெரிவதுதான் முடிவு. காய்ந்த பிறகு விழும் நிழலுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் 14ஆம் தேதி பார்த்த ஒரு கோட்டையும் நம்ப முடியாது, 12 நாளில் பார்த்தது சீக்கிரம்.

இந்த மாத்திரை, கருமுட்டை வெளியே வருவதைத்தான் தள்ளிப்போடுகிறது. அதனால் பீரியட்ஸ் ஒரு வாரம் முன்னே பின்னே போவது சாதாரணம். நடுவில் பட்ட கறையும் மாத்திரையின் ஹார்மோனால் வந்திருக்கலாம், அதைப் பீரியட்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். தள்ளிப்போன முட்டை சில நாள் கழித்து வரும். அதனால்தான் எனக்கு 2ஆம் தேதியைவிட 9ஆம் தேதிதான் கவலை. நாளைக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடு என்றாலும் 9ஆம் தேதியிலிருந்து மூன்று வாரம் கழித்து, 30ஆம் தேதி மறுபடி பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

ஒருவேளை கர்ப்பம் என்றாலும் இந்த மாத்திரையால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். 18 வயது முடிந்த பெண்ணுக்குச் சட்டப்படி அவர் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை.

கேட்டவர், மறுபடியும்

அக்கா, 26 காலை ஒரே கோடு. 28ஆம் தேதி பீரியட்ஸ் வந்தது, வழக்கத்தைவிட அதிகம். நீங்கள் சொன்னதால் இன்று 30ஆம் தேதியும் பார்த்தேன், ஒரே கோடு. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காப்பர்-டி பற்றிக் கேட்க இருவரும் போகிறோம்.