மழைக்காலம் முழுதும் நிறுத்திவைத்த புல்வெட்டி இயங்கவில்லை: ஆலோசனை தேவை

வணக்கம். தெஹிவளையில் நான் பராமரிக்கும் விளையாட்டுத் திடலின், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி இயந்திரத்தை, மே மாத மழை தொடங்கியபோது தாங்கியில் பாதிப் பெற்றோலுடனேயே கொட்டகையில் நிறுத்தியது என் தவறுதான். இப்போது திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது, பற்றிக்கொள்வதில்லை. பற்றரி 12.6 வோல்ட், பிளக்கில் பொறியும் உண்டு. பழைய பெற்றோலை வடித்து, 92 ஒக்டேன் புதிதாக ஊற்றி, பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது வார்னிஷ் போன்ற மஞ்சள் பிசின் படிந்திருந்ததால், பெற்றோல் செல்லும் ஜெட் துளையை மெல்லிய செப்புக் கம்பியால் சுத்தம் செய்தேன். காற்றுவழியில் சில துளி பெற்றோல் விட்டால் மட்டும் இரண்டு மூன்று விநாடி ஓடி அணைகிறது. கிண்ணத்தின் அடியிலுள்ள எரிபொருள் சொலனொயிட் (மின்சாரத்தால் பெற்றோல் வழியைத் திறந்து மூடும் வால்வு), திறப்பைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற ஒலியே எழுப்பாததால், கோளாறு அதில்தான் எனச் சந்தேகிக்கிறேன். அதைக் கழற்றி நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கலாமா? வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இதற்குப் பொருத்தமான சொலனொயிட் கிடைக்குமா என்பதையும் அறிந்தவர்கள் தயவுசெய்து கூறவும்.