சியர் டீம்: ஒன்றரை நிமிடத்தில் மூச்சு போகிறது, கடைசி பிரமிட் ஆடுகிறது. பயிற்சியை எப்படி மாற்றுவது?

பி.டி.டீச்சர்_தண்டையார்பேட்டை

வணக்கம். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் 14 பெண் பிள்ளைகளை வைத்து சியர் டீம் (குதித்து, ஆளைத் தூக்கி, கோஷம் போட்டு உற்சாகப்படுத்தும் குழு) நடத்துகிறேன். ஜனவரி கடைசியில் ஸ்போர்ட்ஸ் டே, கையில் 10 வாரம் இருக்கிறது. ரொட்டீன், அதாவது முழு ஆட்டம், இரண்டரை நிமிடம். நான்கு ஜம்ப், ஒரு இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் தொடைமேல் நிற்பது, கடைசியில் பிரமிட். பிரமிட்டில் நடுவில் இருப்பவளின் பாதத்தை இரண்டு பேர் கையில் வாங்கித் தோள் உயரத்தில் நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் தோளில் உட்காருவது தலா ஒன்று.

வாரம் மூன்று நாள், காலை 7 முதல் 7.45 வரை பயிற்சி. தினமும் 6 ரவுண்டு ஓடவிடுகிறேன். ஆனாலும் ஒன்றரை நிமிடத்தில் மூச்சு வாங்கி, கத்துவதையே விட்டுவிடுகிறார்கள். பிரமிட்டைத் தனியாகப் போட்டால் நன்றாக ஏறுகிறது, முழு ரொட்டீனோடு போட்டால் ஆடுகிறது. கீழே தாங்கும் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலி. இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தரை முழுக்க பேவர் பிளாக், ஓரமாகக் கொஞ்சம் மண் தரை உண்டு. ஜூடோ மேட் 4 இருக்கிறது. ஜிம் கிடையாது.

மேட்_மேல்_நில்

டீச்சர், தனியா போட்டா ஏறுது, ரொட்டீன் கடைசியில ஆடுதுன்னா பிள்ளைங்களுக்கு முறை தெரியும், தொடையில தெம்புதான் தீர்ந்துபோகுது. 6 ரவுண்டு ஓட்டம் அதைச் சரிபண்ணாது. குதி, தூக்கு, கத்து, ஓடி இடம் மாறு, திரும்பக் குதின்னு இரண்டரை நிமிஷம் விட்டு விட்டு முழு வேகத்துல போற வேலை இது. ஒரே சீரா மெதுவா ஓடிப் பழகின உடம்புக்கு இந்த மூச்சு வராது. ரவுண்டை ரெண்டாக் குறைச்சு வார்ம்-அப்புல சேர்த்துடுங்க.

45 நிமிஷத்துல 8 நிமிஷம் வார்ம்-அப். அடுத்த 12 நிமிஷம் ஒரு நாள் ஸ்டண்ட் (ஆளைத் தூக்கி நிறுத்தறது), ஒரு நாள் ஜம்ப்னு மாத்தி மாத்தி. 15 நிமிஷம் பலம், 6 நிமிஷம் மூச்சு, மிச்சம் 4 நிமிஷம் நீட்டல். ஸ்டண்ட் முன்னாடி வர்றதுதான் இதுல முக்கியம். நிறைய பள்ளியில ஓடவிட்டு, குதிக்கவிட்டு, கடைசி பத்து நிமிஷத்துல தூக்கச் சொல்றாங்க. களைச்ச கையிலதான் ஆள் நழுவுவாங்க.

பலத்துக்கு முதல் 3 வாரம் உடம்பு எடை மட்டும் போதும். பஸ்கி 12, லஞ்ச் (ஒரு காலை முன்னால வெச்சு முழங்காலை மடக்கி இறங்கறது) காலுக்கு 8, பெஞ்சில கை ஊன்றித் தண்டால் 8, பிளாங்க் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்தறது) 25 விநாடி, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கறது 12. இந்த அஞ்சையும் வரிசையா மூணு சுத்து. மேலே ஏறுற பிள்ளையும் இதையேதான் செய்யணும், அவளுக்கு சலுகை வேண்டாம். மேல நிக்கிறவ தொளதொளன்னு இருந்தா 35 கிலோகூட 50 கிலோ மாதிரி கனக்கும். விறைப்பா நின்னா தாங்குறவங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

4-ஆவது வாரத்துல எடை சேருங்க. பஸ்கிக்கு முதுகுல புத்தகப் பை, 4 கிலோல ஆரம்பிச்சு 8 வரை. தாங்குறவங்களுக்கு 5 கிலோ அரிசிப் பை: நெஞ்சோட அணைச்சு, முழங்காலைக் கொஞ்சமா மடக்கி, கால் வேகத்துலயே தலைக்கு மேல தள்ளி, முழங்கையை நீட்டிப் பூட்டணும். 8 தடவை, மூணு சுத்து. பை கையால போகுதா காலால போகுதான்னு பாருங்க. கையால தள்ளுற பிள்ளைக்கு இடுப்பு பின்னால வளையும், அங்கேயே நிறுத்தித் திருத்திடணும்.

மூச்சுக்கு முதல் 2 வாரம் 20 விநாடி முழு வேகம், 40 விநாடி நடை, 6 தடவை. அப்புறம் 30-க்கு 30. 6-ஆவது வாரத்துல ரொட்டீனையே பாதியா வெட்டி 75 விநாடி, 2 நிமிஷம் ஓய்வு, திரும்ப 75 விநாடி. முழுக் குரலோடதான். வாயை மூடிப் பழகிட்டு மேடையில கத்தச் சொன்னா மூச்சு கணக்கு மொத்தமா மாறிடும். எட்டு எண்ணிக்கையில ஏழு, எட்டுல மூச்சை இழுக்கணும், கால் தரையைத் தொடும்போது விடணும். நிறைய பிள்ளைங்க தூக்கும்போதும் குதிக்கும்போதும் மூச்சை அடக்கிக்குவாங்க. ஒன்றரை நிமிஷத்துல மூச்சு முட்டறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி 3 வாரம் வாரத்துக்கு ஒரு நாள் பலப் பயிற்சியை விட்டுட்டு முழு ரொட்டீன் ரெண்டு தடவை, நடுவுல 5 நிமிஷம் ஓய்வு. ரெண்டாவது தடவை ஸ்டண்ட் வர்ற இடத்துல பிடிச்சு, முழங்காலை மடக்கி, தூக்காம அடுத்த நகர்வுக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு. தொடைமேல நிக்கும்போது பாதத்தை எங்க வைக்கிறாங்கன்னு பாருங்க. முழங்கால் பக்கம் வெச்சா வலிக்கும், நழுவும். லஞ்ச்ல நிக்கிறவளோட இடுப்பு மடிப்பை ஒட்டி வைக்கணும்.

பழைய_கிரவுண்ட்

இவ்வளவு கணக்கு தேவையா சார்? வியாசர்பாடில ஃபுட்பால் பசங்க கிரவுண்டைச் சுத்திச் சுத்தித்தானே ஸ்டாமினா ஏத்துறாங்க. சியர்னா டான்ஸ் கொஞ்சம், கத்தல் கொஞ்சம். ரவுண்டைக் கூட்டினா போதும்னு நினைக்கிறேன்.

மேட்_மேல்_நில்

அண்ணே, 2021-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சியரை முழு அங்கீகாரம் உள்ள விளையாட்டா ஏத்துக்கிச்சு, டான்ஸ் கணக்கை விட்டுடலாம். ஃபுட்பாலுக்கே ஃபிஃபா கொடுத்திருக்கிற ‘11+’ வார்ம்-அப் சுமார் 20 நிமிஷம். முதல்லயும் கடைசியிலயும்தான் ஓட்டம், நடுவுல பிளாங்க், ஒற்றைக்கால் சமநிலை, பஸ்கி, குதிச்சு இறங்கறது. டீச்சர் அந்த நடுப்பகுதியிலேர்ந்து 8 நிமிஷத்துக்குள்ள அடங்கறதை எடுத்து வார்ம்-அப்புல வெச்சுக்கலாம்.

பிசியோ_ராயபுரம்

வலிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மணிக்கட்டு: பாதத்தைக் கையில் வாங்கும்போது மணிக்கட்டு பின்னால் மடிந்து, எடை விரல்களில் தொங்கினால் வலி வரும். எடை உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்க வேண்டும், மணிக்கட்டும் முன்கையும் முடிந்தவரை ஒரே கோட்டில். பாதத்தை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கும் பிள்ளைக்குத்தான் முதலில் வலிக்கும். காறையெலும்புக்கு முன்னால், உடம்பை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். வலி இருக்கும்வரை தண்டாலை முஷ்டி ஊன்றிச் செய்யலாம். ஈரத் துண்டை இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழிவது 10 தடவை, நாளுக்கு இரண்டு முறை. சிலம்பம் சுற்றும் பிள்ளைகள் டீமில் இருந்தால் கீழே தாங்க அவர்களை முயன்று பாருங்கள், மணிக்கட்டு பழகியிருக்கும்.

கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடிப்பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் சுளுக்கு என்று நீவிவிடாதீர்கள். அங்கே உள்ள சின்ன எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

முன்னெலும்பு: கையால் தடவினால் நீளவாக்கில் பரவலாக வலிக்கிறதென்றால் தரையும் ஷூவும் ஜம்ப் எண்ணிக்கையும்தான் காரணம். பேவர் பிளாக்கில், அடி தேய்ந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவில் குதிக்கவிடாதீர்கள். எல்லா ஜம்ப்பும் மண் தரைக்குப் போகட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 40 தடவைக்கு மேல் தரையிறங்கக் கூடாது, 4-ஆவது வாரத்துக்குப் பிறகு 60 வரை. அடுத்தடுத்த நாளில் ஜம்ப் வேண்டாம். விரல் நுனி அளவு ஒரே இடத்தில் குத்துகிறது, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீர் என்கிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டுங்கள்.

தரையிறங்கும் முறையையும் திருத்துங்கள். வராண்டா படியின் ஒரு படி உயரத்திலிருந்து மண்ணில் இறங்கி, முழங்கால் மடக்கி, 3 விநாடி அசையாமல் நிற்கட்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்த்தால் அது திருத்த வேண்டிய பிள்ளை. நேர் எதிரே நின்று மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள், சொல்வதைவிட வேகமாகப் புரியும். ‘டப்’ என்று சத்தம் கேட்டால் குதிகால் முதலில் விழுகிறது.

சுண்டல்_பார்ட்டி

காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோட வர்ற பிள்ளை தலை சுத்தி விழும். அரை மணி முன்னாடி ஒரு வாழைப்பழம், முடிஞ்சதும் இட்லியோட முட்டை, இல்லன்னா ஒரு கைப்பிடி வேர்க்கடலைச் சுண்டல். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை டம்ளருக்கு மேல தண்ணி. பள்ளியில வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தா சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்க, உடனே டீ காபி குடிச்சா சத்து ஒட்டாது. மேல ஏறுற பிள்ளையை எல்லார் எதிர்லயும் எடை பார்க்காதீங்க, சாப்பாட்டைக் குறைச்சுடும். மூணு மாசமா மாதவிடாய் வரலைன்னா டாக்டர்கிட்ட போகணும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய்! தலைக்குத் தடவின கையைத் துடைக்காம கணுக்காலைப் பிடிச்சா வழுக்கும். வளையல், கொலுசு, ஹேர் கிளிப், மல்லிப்பூ எல்லாம் கழட்டி வெச்சுட்டுத்தான் ஸ்டண்ட்.

பி.டி.டீச்சர்_தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் வரும், ஜனவரியில் பொங்கல் விடுமுறை வேறு. நடுவில் மழை பெய்தால் வராண்டா மட்டும்தான். இந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது? 4 மேட்டை எங்கே போடுவது?

மேட்_மேல்_நில்

தேர்வு சமயத்துல வாரம் ரெண்டு நாள் வீட்டுலயே 12 நிமிஷம்: பஸ்கி, தண்டால், பிளாங்க் மட்டும். புதுசா எதுவும் வேண்டாம், இருக்கற பலம் கரையாம இருந்தா போதும். திரும்பி வந்ததும் விட்ட இடத்துல ஆரம்பிக்காம ஒரு வாரம் பின்னால போய் ஆரம்பிங்க.

மழை நாள்ல வராண்டா டைல்ஸ்ல ஜம்ப்பும் வேண்டாம், ஸ்டண்ட்டும் வேண்டாம். பலம், கை அசைவு, எண்ணிக்கையோட கத்தல் மூணையும் முடிச்சுடுங்க. ஒற்றைக்கால்ல கண்ணை மூடி 30 விநாடி நிக்கிறதை மேல ஏறுறவங்களுக்குக் கொடுங்க.

மேட் நாலையும் நடு ஸ்டண்டுக்குக் கீழ ஒட்டிப் போட்டு, இணைப்பை டேப்பால ஒட்டிடுங்க. இடுக்குல கணுக்கால் மாட்டும். பக்கத்துத் தோள் உட்காரல்களை மண் தரையில பழக்குங்க. ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு மைதானம் எதுன்னு இப்பவே கேட்டு வையுங்க, அங்க மேட் கிடையாதுன்னா நடுவிலயும் தொடைமேல நிக்கிறதோட நிறுத்திக்கலாம், பார்க்கறவங்களுக்கு அழகு குறையாது.

மேட் இருந்தாலும் ஆள் வேணும். பழகும்போது 14 பேரை நாலு நாலா மூணு குழுவாப் பிரிச்சா ரெண்டு பேர் மிச்சம். குழுவுல தாங்குறவங்க ரெண்டு, மேல ஒருத்தி, பின்னால ஒருத்தி. மிச்ச ரெண்டு பேர் முன்னால நிப்பாங்க. அதனால ஒரு நேரத்துல ரெண்டு குழுதான் தூக்கணும், மூணாவது குழு பார்த்து எண்ணட்டும். பின்னால நிக்கிறவளோட கண் மேல நிக்கிறவளோட இடுப்பிலயே இருக்கணும், விழுந்தா முதல்ல பிடிக்க வேண்டியது தலையும் கழுத்தும். யார் ‘இறக்கு’ன்னு சொன்னாலும் காரணம் கேக்காம இறக்கிடணும். தலையில அடிபட்டா அன்னிக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி முடிஞ்சது, தலைவலியோ வாந்தியோ இருந்தா நேரா ஆஸ்பத்திரி.

பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் நாள் பிரமிட் கிடையாது. தொடைமேல நிக்கிறது மட்டும் 5 தடவை, ஆடாம வந்தா மறுநாள் தோள் உட்காரல், அதுவும் சரியா வந்தா மூணாவது நாள் நடு ஸ்டண்ட்.