சைக்கிள் பையில எதை வைக்கணும்: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை

அருண் – மாலை 6:42
ஞாயித்துக்கிழமை நானும் திவ்யாவும் சைக்கிள்ல 70 கிலோமீட்டர் போறோம். வழியில எது நின்னாலும் நாங்களே சரி பண்ணிக்கணும். சீட்டுக்கு அடியில மாட்டுற பை ஆளுக்கு ஒண்ணு இருக்கு. எதை எடுக்கணும், எதை விடணும்?

அருண் – 6:43
என்னுது 9 கியர், டயர் 700×32. திவ்யாவோடது கியர் இல்லாதது, சக்கரத்துக்கு நட்டு போட்டது.

குமார் மாமா – 6:50
ரெண்டும் வேற வேற ஜாதி சைக்கிள்டா. ஒருத்தர் பை இன்னொருத்தருக்கு உதவாது. ரெண்டு பையையும் தனித்தனியா யோசி.
முதல்ல டியூப். திவ்யா, டயர் பக்கவாட்டுல என்ன எழுதியிருக்கு? 26-ன்னு மட்டும் பார்த்துச் சொல்லாதே. 37-590, 50-559 மாதிரி கோடு போட்டு ரெண்டு எண் இருக்கும். முதல் எண் டயரோட அகலம், ரெண்டாவது எண் டயர் ரிம்முல உட்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 590, 559 ரெண்டையுமே 26 இஞ்சுன்னுதான் சொல்லுவாங்க, ஆனா ஒண்ணுக்கு வாங்கின டயர் இன்னொண்ணுல ஏறாது.

திவ்யா – 6:58
37-590 மாமா.

தேவி அக்கா – 7:01
வால்வையும் பார்த்துக்கோங்க. அருணோடது ஒல்லி வால்வு, பிரெஸ்டா. ரிம் ஓட்டை ஆறரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கார் டயர்ல இருக்கிற தடி வால்வுக்கு எட்டரை வேணும், அதனால அந்த டியூப் அருண் ரிம்முல நுழையவே நுழையாது. ரிம் உயரமா இருந்தா வால்வும் நீளமா இருக்கணும், இல்லைன்னா பம்பு வாய் பிடிக்காது. ஒரே பம்பு ரெண்டு பேருக்கும்னா ரெண்டு வால்வுக்கும் போட்டுப் பார்த்துட்டு எடுங்க.

சித்தப்பா – 7:06
திவ்யா சைக்கிள் பழைய மாடல், வால் டியூப்னு சின்ன ரப்பர் குழாய் போடுற வால்வு. அப்படின்னா 3 துண்டு வால் டியூப் பையில கிடக்கட்டும், எடையே கிடையாது. அந்த வால்வுல காத்து இறங்கினா உடனே டயரைக் கழட்டாதீங்க. வால்வு வாயில ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. காத்துக் குமிழி வந்தா உள்ள இருக்கிற ரப்பர் போயிடுச்சுன்னு அர்த்தம். மேல் நட்டைக் கழட்டி, பழைய ரப்பரை உரிச்சுட்டு, புதுசை நனைச்சு, பக்கத்துல இருக்கிற சின்ன ஓட்டை முழுசா மூடுற வரைக்கும் மேல ஏத்துங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அருண் – 7:09
டியூப் ரெடி. பெட்டியோட அப்படியே வச்சுடவா?

தேவி அக்கா – 7:15
வேண்டாம்! இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பை ஓயாம குலுங்கும். அட்டைப் பெட்டி கொஞ்ச நாள்ல நைஞ்சுடும், அப்புறம் டூல் முனை டியூப்ல உரசி உரசி ஓட்டை போட்டுடும். மாத்த எடுக்கும்போதே புது டியூப் பஞ்சராகி இருக்கும்.
டியூப்ல இருக்கிற காத்தை முழுக்க வெளியேத்து. வால்வுக்கு மூடி போடு, இல்லைன்னா வால்வு முனையே டியூப்பைக் குத்தும். இறுக்கமா சுருட்டி ஒரு பழைய காலுறைக்குள்ள போட்டு, அதை பிளாஸ்டிக் கவர்ல வை. காலுறை அப்புறம் கை துடைக்கவும் ஆகும். டூலெல்லாம் தனித் துணியில சுத்தி வை, சத்தமும் வராது.

குமார் மாமா – 7:18
டியூப் ஒண்ணுதானே எடுப்பீங்க, ரெண்டாவது பஞ்சருக்கு ஒட்டுற சாமான் வேணும். 6 பேட்ச், உப்புத்தாள் ஒரு துண்டு, சொல்யூஷன். சொல்யூஷன் டியூபைத் திறந்துட்டா சில மாசத்துல உள்ளேயே காஞ்சுடும், மூடி இறுக்கமா இருந்தாலும் சரி. அமுக்கிப் பாரு, கெட்டியா இருந்தா தூக்கிப் போடு. பையில எப்பவும் திறக்காத சொல்யூஷன் டியூப்தான் இருக்கணும்.

திவ்யா – 7:20
சொல்யூஷன் இல்லாம நேரா ஒட்டுற பேட்ச் இருக்கே மாமா?

குமார் மாமா – 7:24
வீடு வந்து சேர அது போதும், நிரந்தரமா நம்பாதே. காத்து அதிகமா அடிக்கிற ஒல்லி டயர்ல ஓரம் மெல்லத் தூக்கிக்கும்.
சாதாப் பேட்ச் பிடிக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். உப்புத்தாள் போட்டு, பேட்சைவிடப் பெரிய வட்டமா பளபளப்பு போற வரைக்கும் தேய். சொல்யூஷனை மெல்லிசாத் தடவு. ஈரமா இருக்கும்போதே பேட்சை வைக்காதே. மினுமினுப்பு அடங்கி, மேலாப்புல மங்கலா ஆகணும், 5 நிமிஷம் ஆகலாம். அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்து.

தேவி அக்கா – 7:31
ஓட்டை எங்க இருக்குன்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சுடும்.
பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல்னா காத்து குறைவு, பள்ளத்துல ரிம் இடிச்சு டியூப் நசுங்கியிருக்கு. ரிம் பக்கமா ஓட்டைன்னா ரிம் உள்ளே ஸ்போக்ஸ் ஓட்டையை மூடுற ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் ஓட்டையோ முனையோ குத்தியிருக்கு. வெளிப்பக்கம்னா முள்ளோ கம்பியோ இன்னும் டயர்லயே இருக்கும். அதை எடுக்காம புது டியூப் போட்டா அதுவும் காலி.
உள்பக்கம் விரலை விட்டுத் தடவாதீங்க, கிழிச்சுடும். துணியை விட்டு இழுங்க, மாட்டுற இடத்துல டயரை வெளிப்பக்கமா மடக்கிப் பாருங்க. லாரி டயர்ல இருந்து உதிர்ற மெல்லிசு கம்பி இருக்கே, மயிரிழை மாதிரி, மடக்கினாத்தான் கண்ணுல படும்.

சித்தப்பா – 7:33
டயரைத் திரும்ப மாட்டும்போது நெம்புற லீவர் வேண்டாம், கையாலேயே. வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. ஏத்தின பக்கத்தை ரிம் நடுப் பள்ளத்துக்குள்ள தள்ளிக்கிட்டே வந்தா கடைசித் துண்டு ஏற இடம் கிடைக்கும்.

அருண் – 7:36
பம்புக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு அடைச்ச கேஸ் குப்பி எடுக்கலாமா? ரொம்ப சின்னதா இருக்கு.

குமார் மாமா – 7:41
16 கிராம் குப்பி ஒண்ணு உன் டயருக்குப் போதும். ஆனா வாயைச் சரியா வைக்கலைன்னா அவ்வளவும் வெளியே போயிடும், அதுக்கப்புறம் கையில ஒண்ணும் இல்லை. அந்த கேஸ் ரப்பர் வழியா காத்தைவிட வேகமா கசியும், மறுநாள் பம்புல மறுபடி அடிக்கணும். குப்பி வேணும்னா எடு, பம்பை விடாதே. கைப் பம்புல நூறு தடவைக்கு மேல அடிக்க வேண்டி வரும், அடிக்கலாம். பம்பு உடம்புல இன்சுலேஷன் டேப் ஒரு மீட்டர் சுத்தி வை.

திவ்யா – 7:44
டூல்?

குமார் மாமா – 7:52
அருணுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூ, டிஸ்க் பிரேக்னா டி25-ங்கிற ஆறு முனை நட்சத்திர டூல். எல்லாம் சேர்ந்த மடக்கு டூல் ஒண்ணு. அதுலயே செயின் கட்டர் இருந்தா நல்லது. கூடவே அறுந்த செயினைச் சேர்க்கிற செயின் லாக் ஒரு ஜோடி, 9 கியருக்கானது. 8-க்கும் 10-க்கும் உள்ளது சேராது, கியர் கூடக்கூட செயின் ஒல்லியாகும்.
திவ்யாவுக்குத் தடி செயின், கிளிப் போடுற லாக். கிளிப்போட பிளவு இல்லாத பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும். திருப்பிப் போட்டா எதுலயாவது தட்டிக் கழண்டுடும். அச்சு நட்டுக்கு ஸ்பேனர் கட்டாயம், மடக்கு டூல் அதை அசைக்காது. பெரும்பாலும் 15 மில்லிமீட்டர், ஆனா அளந்துக்கோ.

தேவி அக்கா – 7:55
டூலைக் கையில வச்சுக்கிட்டு முன்சக்கரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு போல்ட்டா போட்டுப் பாருங்க. மடக்கு டூல் குட்டையா இருந்தா சில இடத்துல சுத்த இடம் இருக்காது, ஃப்ரேம்ல இடிக்கும். சைக்கிள்ல எங்கயும் பொருந்தாத டூலை வீட்லயே விட்டுடுங்க.
கேரியர், மட்கார்டு இருந்தா 5 மில்லிமீட்டர் போல்ட் ரெண்டு, கேபிள் டை நாலு. டயர் கிழிஞ்சா உள்ள வைக்க பழைய டயர்ல இருந்து 5 சென்டிமீட்டர் துண்டு. அது இல்லாம புது டியூப் போட்டா கிழிசல் வழியா பிதுங்கி வெடிக்கும்.

சித்தப்பா – 7:58
ஸ்பேனரைச் சட்டை முதுகுப் பையில போட்டுக்காதீங்க. விழுந்தா முதுகெலும்புல குத்தும். ஹேண்டில்லயும் தொங்க விடாதீங்க, திருப்பும்போது ஆடும். சீட் பை வார் நுனி தொங்கினா சக்கரத்துல சிக்கிக்கும், மடிச்சு டேப் ஒட்டுங்க. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு பைக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளியாவது இருக்கணும்.

திவ்யா – 8:21
போட்டுப் பார்த்தேன். பின்சக்கரத்துல 15 சரியா உட்காருது. முன்சக்கரத்துல லூசா சுத்துது மாமா.

குமார் மாமா – 8:24
அப்போ முன்னாடி 14-ஆ இருக்கும். 15-ஐ வச்சு அழுத்தினா நட்டு மூலை உருண்டுடும். ஒரு முனை 14, மறுமுனை 15 இருக்கிற ஸ்பேனரா எடுத்துக்கோ. இப்பவே அந்த ஸ்பேனரால நாலு நட்டையும் ஒரு தடவை கழட்டி, மரையில துளி கிரீஸ் தடவி மாட்டிடு. துருப்பிடிச்சு இறுகியிருந்தா வீட்லயே தெரிஞ்சுடும்.