கவுண்டி கூட்டத்தில் மைக் பிடித்தவர்கள் யாராவது உண்டா? (வடக்கு வெர்ஜினியா நண்பர்கள் அனுபவம் பகிரவும்)

ஹெர்ன்டன்வாசி:

அக்டோபர் 5 நெருங்கினால் நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரு புலம்பல் கிளம்பும் பாருங்கள், கார் வரி! எங்கள் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) காரின் மதிப்பில் நூறு டாலருக்கு 4.57 டாலர். டெக்சாஸிலிருந்து மாறி வந்தவர்கள் "காசு கொடுத்து வாங்கின காருக்கு வருஷா வருஷம் வரியா" என்று தலையில் கை வைப்பார்கள். சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார் என்று கேட்டால் பாதிப் பேர் மாநிலத் தலைநகர் ரிச்மண்ட் என்பார்கள், மீதிப் பேர் வாஷிங்டன் என்பார்கள். வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பத்து பேரை யாருக்கும் தெரியாது. ஒரு தலைவர், தொகுதிக்கு ஒருவராக ஒன்பது சூப்பர்வைசர்கள், அவ்வளவுதான் வாரியம்.

2025 ஏப்ரலில் பட்ஜெட் விசாரணைக்குப் போயிருந்தேன். ஹோட்டல் சாப்பாட்டுக்கு 4 சதவீத வரி போடலாமா என்பது அப்போது பெரிய பேச்சு. 2016இல் இதே யோசனையை வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். 2020இல் மாநிலச் சட்டம் மாறியதால் இப்போது வாக்கெடுப்பு தேவையில்லை, வாரியம் கை தூக்கினால் போதும். எனக்கு முன்னால் பேசியவர் சிறிய உணவகம் நடத்துபவர். காகிதத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கி, பாதியில் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கோழி விலை, வாடகை, ஆள் கிடைக்காதது என்று மடமடவென்று கொட்டித் தீர்த்தார். மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்துவிட்டது. அடுத்து வந்த ஆசிரியை வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம், அதுதான் தொல்லை.

நான் வரிக்கு ஆதரவாகத்தான் பேசினேன். தோசைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் வீட்டிலேயே சுட்டுக்கொள்ளலாம், வீட்டு வரியை அப்படித் தவிர்க்க முடியுமா? அதுவும் டைசன்ஸ் கார்னருக்கு வரும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து கட்டுகிற வரி இது. மே மாதம் வாரியம் நிறைவேற்றியது, 2026 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள 6 சதவீத விற்பனை வரியோடு சேர்த்தால் பில்லில் 10. திட்டுகிறவர்கள் திட்டலாம், ஆனால் நீங்களும் போன கதை இருந்தால் எழுதுங்கள்.

ஆஷ்பர்ன்காரன்:

திட்டவில்லை, ஆனால் பக்கத்துக் கவுண்டியான லவுடனுக்கு வந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன் :) எங்களுக்கு டேட்டா சென்டர்கள் (இணையத் தரவுக்கான கம்ப்யூட்டர்கள் நிறைந்த பெரிய கட்டடங்கள்) இருக்கின்றன. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் சாதனங்களுக்குக் கட்டும் வரியே கவுண்டிக்குக் கொட்டுகிறது, அதனால் வீட்டு வரி வருஷத்துக்கு வருஷம் இறங்கி 2025இல் வீட்டு மதிப்பில் நூறு டாலருக்கு 80.5 சென்ட். உங்கள் பக்கம் ஒரு டாலருக்கு மேல்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை தனி. எங்கள் வீட்டு டெக்கில் நின்றால், முன்பு மரங்கள் இருந்த இடத்தில் ஜன்னலே இல்லாத சாம்பல் நிறச் சுவர் ஒன்று தெரு நீளத்துக்கு நிற்கிறது, இரவில் கூரைமேல் விசிறிகளின் ரீங்காரம், கார் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அது காதில் ஏறும். முன்பெல்லாம் குறிப்பிட்ட மண்டலங்களில் நிலம் இருந்தால் டேட்டா சென்டரை நேரடியாகக் கட்டிக்கொள்ளலாம், பொது விசாரணை கிடையாது. 2025 மார்ச் 18 அன்று வாரியம் அந்த உரிமையை நீக்கியது. இனி ஒவ்வொன்றும் சிறப்பு அனுமதிக்கு வர வேண்டும், திட்டக் குழுவிலும் வாரியத்திலும் நாம் பேசலாம்.

எங்கள் கவுண்டித் தலைமையிடமான லீஸ்பர்க்கில் அந்த விஷயத்துக்காக ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நம் முகங்கள் நிறையவே இருந்தன, வீட்டு உரிமையாளர்களாக. நில உரிமையாளர்கள் பக்கம் வக்கீல்கள், அவர்களுக்கு விதி எண்கள் மனப்பாடம். நம் ஆள் ஒருவர் போனில் பதிவுசெய்த ரீங்காரத்தை மைக்கில் வைத்துப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கரில் அது ஒழுங்காகவே கேட்கவில்லை, வெறும் கரகரப்பு. ஆனாலும் உறுப்பினர் ஒருவர் எந்தத் தெரு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு கேள்விக்காகவாவது போகலாம்.

கவுண்டி ஊழியர் (ஐடி பிரிவு, எந்தக் கவுண்டி என்று கேட்காதீர்கள்):

எல்லோரும் வரி கட்டும் பக்கமிருந்து பேசுகிறீர்கள், நான் சம்பளம் வாங்கும் பக்கம். ஃபெடரல் ஒப்பந்த வேலையிலிருந்து மாறி வந்தவன். சம்பளம் குறைவு, மறைக்கவில்லை. பென்ஷனுக்காக வந்தேன் என்று சொன்னபோது பழைய ஆபீஸ் நண்பர்கள் "இந்தக் காலத்தில் பென்ஷனா?" என்று சிரித்தார்கள்.

கணக்கைச் சொல்கிறேன், வேலை தேடுபவர்களுக்கு உதவும். வெர்ஜினியா ஓய்வூதிய அமைப்பில் 2014 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த சாதாரண ஊழியர்களுக்குக் கலப்புத் திட்டம். சம்பளத்தில் 4 சதவீதம் பென்ஷன் பக்கம் போகும், 1 சதவீதம் முதலீட்டுக் கணக்குக்குப் போகும், இரண்டும் கட்டாயம். பென்ஷன் என்பது அதிகச் சம்பளம் வாங்கிய தொடர்ச்சியான 60 மாதங்களின் சராசரியில் ஒரு வருஷத்துக்கு 1 சதவீதம். இருபது வருஷம் இருந்தால் அதில் 20 சதவீதம், சாகும்வரை. நீங்களாக விரும்பி 4 சதவீதம் வரை கூடுதலாகப் போட்டால் முதலாளி பக்கமிருந்து 2.5 சதவீதம் வரை சேர்ப்பார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கூடுதல் பகுதியைப் போடவே இல்லை. இலவசமாக வரும் பணத்தை வேண்டாம் என்கிறார், என்ன சொல்வது! ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி ஊழியர்களுக்கு இது இல்லை, அவர்களுக்குச் சொந்த ஓய்வூதிய அமைப்பே உண்டு.

இன்னொன்று. 1977இல் மாநில உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர் சங்கங்களோடு கவுண்டிகள் ஒப்பந்தம் போட முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, 1993இல் தடை சட்டமாகவே ஆனது. 2021 மே 1 முதல்தான் உள்ளாட்சிகள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று ஆனது. ஃபேர்ஃபேக்ஸ் அதற்கான விதியை அந்த அக்டோபரில் நிறைவேற்றியது, லவுடன் டிசம்பரில். அதற்கு முன்பு சம்பள உயர்வு பட்ஜெட்டில் மிஞ்சியதைப் பொறுத்தது. தீயணைப்பு வீரர்கள் சீருடையோடு கூட்டத்துக்கு வந்து வரிசையாக நின்றதைப் பார்த்தபோதுதான் பட்ஜெட் ஆவணத்தில் இருக்கும் எண்களுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் துறையிலேயே சிலருக்கு உறைத்தது.

ஞாயிறு கிரிக்கெட்:

பென்ஷனுக்கு முன்னால் எங்களுக்கு பிட்ச் வேண்டும் சார். இரண்டு கால்பந்து மைதானங்களுக்கு நடுவில் பச்சைப் பாய் விரித்த கான்கிரீட் பட்டை ஒன்றில்தான் வெகுகாலம் ஆடினோம் (பெயர் சொல்லவில்லை). லாங் ஆன் பக்கம் சிக்சர் போனால் அங்கே சிறுமிகளின் கால்பந்து நடக்கும், அவர்களுடைய பயிற்சியாளர் பந்தை எங்களிடம் கொடுக்கும் முன் அழுத்திப் பார்த்து "இது கல்லா?" என்பார். அவர் பயம் நியாயமானது.

மைதானம் கேட்டு விண்ணப்பிக்க ஆட்டக்காரர் பட்டியல் தர வேண்டும், அவர்கள் கவுண்டி வாசிகளா என்று பார்ப்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதில் எனக்குக் குறையில்லை. கால்பந்து, பேஸ்பால் குழுக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டங்களுக்குப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள், நமக்கு இல்லை, அதுதான் விஷயம். எங்கள் லீக் ஆட்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினோம். பதினோரு வயதுப் பையன் ஒருவன் எழுந்து "நான் இங்கேதான் பிறந்தேன், மேரிலாண்ட் போய் ஆட வேண்டியிருக்கிறது" என்றான். நாங்கள் கொண்டுபோன பக்கம் பக்கமான விளக்கத்தைவிட அது எடுபட்டது. இன்று லவுடனில் ஹேன்சன் பார்க்கில் கவுண்டியே கட்டிய கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. அதற்கும் பணம் டேட்டா சென்டரிலிருந்து வந்திருக்கும் என்று ஆஷ்பர்ன்காரர் சொல்வார், சொல்லட்டும்.

பர்க் மாமி:

எனக்குக் கூட்டமெல்லாம் போய்ப் பழக்கமில்லை. ஃபேர்ஃபேக்ஸில் இருக்கும் பர்க் ஏரிப் பூங்காவில் கோடையில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுவோம், மேற்கூரை உள்ள இடத்தை முன்பதிவு செய்தால் கம்பத்தில் நம் பெயரை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு தடவை வேறு குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது, நான் ரசீதை நீட்டினேன், அவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து ஒரு தட்டு தர்பூசணியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் புளியோதரை கொடுத்தோம், அந்த அம்மா அதில் கடலையைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களுக்கு ஏரியைச் சுற்றி நடப்பது பிடிக்கும், சுற்று ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு, முழுதாக வேண்டாம், பாதியில் திரும்பிவிடலாம். வாரக் கடைசியில் வெளிக் கவுண்டி கார்களுக்குக் கட்டணம் உண்டு, லவுடன் நண்பர்கள் கவனிக்கவும், வரி குறைவு என்ற பெருமை அங்கே செல்லாது :)

ராக்வில்:

ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மேரிலாண்டின் மான்ட்கோமரி கவுண்டியில் கார் வரி கிடையாது, சந்தோஷப்படாதீர்கள், வருமானத்திலேயே கவுண்டி 3.2 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கடையில் தரும் பைக்கான வரியும் 2012லேயே வந்துவிட்டது, உங்களுக்கு 2022இல்.

ஆஷ்பர்ன்காரன்:

அந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. வெர்ஜினியாவில் டில்லன் விதி. மாநிலம் அனுமதித்ததை மட்டுமே கவுண்டி செய்யலாம். ஐந்து சென்ட் பை வரியோ, சாப்பாட்டு வரியோ, சங்க ஒப்பந்தமோ, எல்லாவற்றுக்கும் முதலில் ரிச்மண்டில் கதவு திறக்க வேண்டியிருந்தது. அதனால் ரிச்மண்ட் என்று சொல்லும் அந்தப் பாதிப் பேரை ஹெர்ன்டன்வாசி அவ்வளவு கேலி செய்ய வேண்டாம்.

ஹெர்ன்டன்வாசி:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே போவதா வேண்டாமா என்பது இந்தப் பத்து பேர் கையில்தானே. தனிச் செய்தியில் கேட்டவர்களுக்கு: பெயர் கொடுப்பது கவுண்டி இணையதளத்தில், நேரில் வர முடியாவிட்டால் போனிலோ வீடியோவிலோ பேசலாம். வரிகளைப் பற்றிய விசாரணை ஏப்ரலில் வரும், நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, மே மாதம் முடிவாகிவிடும். ஜூனில் போய்ப் பேசிப் பயனில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பெயர் கூப்பிடுவதற்குள் இரவு ஒன்பதாகிவிடும்.