உதவி: ஸ்க்விட் பெட்டியை நடுவில் வைத்ததும் லேபில் நெட் நின்றுவிட்டது

தக்கலை லேப்
தக்கலையில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். 18 கணினிகள், பாதி உபுண்டு, பாதி விண்டோஸ். புது மாணவர் பேட்ச் வரும்போதெல்லாம் ஒரே பேக்கேஜை ஒன்பது தடவை இறக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு பழைய கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு செருகி, ஸ்க்விட் (ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் பிராக்சி மென்பொருள்) போட்டு, அந்தப் பெட்டியை ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வைத்தேன்.

ரூட்டர் 192.168.1.1. முதல் கார்டு 192.168.1.2, இரண்டாவது 192.168.1.10. இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1.

பெட்டியில் இருந்து 8.8.8.8-க்கு பிங் போகிறது. விண்டோஸ் கணினிகளுக்கோ 169.254 என்று தொடங்கும் ஐபிதான் வருகிறது. கையால் 192.168.1.30 போட்டாலும் பெட்டிக்கே பிங் இல்லை. திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது, அண்ணன்மாரே.

குழித்துறைக்காரன்
தம்பி, வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தெருவா? மாஸ்க்படி இரண்டு கார்டும் ஒரே நெட்வொர்க். மாணவர் கணினிக்குப் போக வேண்டிய பதிலைப் பெட்டி முதல் கார்டு வழியாக ரூட்டர் பக்கம் தள்ளிவிடுகிறது. உள்பக்கத்தை 192.168.50.1 என்று மாற்றுங்கள், அந்தக் கார்டில் கேட்வேயைக் காலியாக விடுங்கள். 169.254 வரக் காரணம், ரூட்டரின் டிஎச்சிபி, அதாவது தானாக ஐபி கொடுக்கும் வசதி, பெட்டியைத் தாண்டி வராது. உள்பக்கத்துக்குத் தனி டிஎச்சிபி வேண்டும்.

வடசேரி
18 கணினிக்கு இவ்வளவு வேலை எதற்கு? இரண்டாவது கார்டைக் கழற்றுங்கள். ரூட்டரைப் பழையபடி சுவிட்சில் செருகி, பெட்டியையும் அதே சுவிட்சில் செருகுங்கள். மாணவர் கணினிகளில் பிராக்சி 192.168.1.2, போர்ட் 3128. உபுண்டுவில் பேக்கேஜ் இறக்கும் ஆப்டுக்கும் (apt) தனியாகப் பிராக்சி சொல்ல வேண்டும். அப்புறம், அந்த 192.168.1.2 ரூட்டரின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருநாள் யாருடைய போனுக்காவது அதே ஐபி போய்ச் சேரும்.

தக்கலை லேப்
வடசேரி அண்ணன் சொன்னபடி செய்தேன். பிங் வந்தது! ஆனால் பிரவுசரில் 'அனுமதி இல்லை' என்று ஸ்க்விட்டின் பக்கமே வருகிறது.

வடசேரி
அது வந்தால் நெட்வொர்க் சரி. உபுண்டுவில் ஸ்க்விட்டின் அமைப்புக் கோப்பில் லோக்கல்நெட்டை, அதாவது உள் நெட்வொர்க்கை, அனுமதிக்கும் வரி முன்னால் # போட்டு அணைக்கப்பட்டிருக்கும். அந்தக் # குறியை எடுத்துவிட்டு ஸ்க்விட்டை மீண்டும் ஏற்றுங்கள்.

தக்கலை லேப்
நெட் வந்தாச்சு. ஆனால் லாகில் எல்லாமே மிஸ், இல்லையென்றால் டனல். ஹிட், அதாவது சேமித்ததிலிருந்து கொடுத்தது, ஒன்றுகூட இல்லை.

குழித்துறைக்காரன்
மிஸ் என்றால் சேமிப்பில் இல்லாமல் வெளியிலிருந்து எடுத்தது. டனல் என்றால் எச்டிடிபிஎஸ், மறையாக்கம் செய்த போக்குவரத்து. பூட்டிய பெட்டி மாதிரி அப்படியே கடந்துபோகும், ஸ்க்விட் சேமிக்காது. யூடியூப் மிச்சமாகும் என்ற ஆசையை இன்றோடு விடுங்கள். ஆப்ட் பேக்கேஜ்கள் சாதா எச்டிடிபியில் வந்தால் சேமிக்கலாம். ஆனால் ஒரு கோப்பின் உச்ச அளவு இயல்பாக 4 எம்பிதான். அதை 512 எம்பி ஆக்குங்கள். அந்த வரி, சேமிக்கும் இடத்தைச் சொல்லும் கேஷ் டைரக்டரி வரிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே போட்டு நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

தக்கலை லேப்
லிப்ரே ஆபீஸை முதல் கணினியில் இறக்கினேன், இரண்டாவதில் ஹிட்! நன்றி. ஒரு சந்தேகம்: இங்கே மழை, கரண்ட் போய்விட்டது. ரூட்டர் யூபிஎஸ்சில் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் நெட் இல்லை.

வடசேரி
பெட்டி அணைந்துவிட்டதே தம்பி, பிராக்சி எங்கே இருந்து வரும்? அதையும் யூபிஎஸ்சில் செருகுங்கள்.